செயின்சா கவர் உருகினால் எங்கே உருகியது என்று பாருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல், பெட்ரோல் மிஷினைச் சொந்தமாக வாங்கிப் போட்ட தோப்புக்காரர்களில் நாங்களும் உண்டு. மிஷின் இன்னும் ஓடுகிறது. பக்கத்து பிளாஸ்டிக் கவர்தான் இரண்டு தடவை மாறிவிட்டது. முதல் தடவை உருகியதும் புதுசு வாங்கி மாட்டினோம். நாலே மாதத்தில் அதுவும் இளகியது. அப்புறம்தான் பழைய கவரைத் திருப்பி உள்பக்கம் பார்க்கத் தோன்றியது.

1. மிஷினை அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் செயின் பக்கம் கை வைக்க வேண்டும். கவரைக் கழற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். செயின் ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து கெட்டியான அழுக்கு, பார்ப்பதற்கு உருகிய பிளாஸ்டிக் போலவே இருக்கும். நான் ஏமாந்திருக்கிறேன்.

2. எல்லாச் சேதமும் சூட்டால் வந்ததல்ல. சூடு பட்ட இடத்தில் ஓரம் மழுங்கி வழிந்திருக்கும், கொப்புளம் இருக்கும், பளபளப்பு மாறியிருக்கும். வெயிலில் கிடந்த கவர் வெளுத்து, மாவு பூத்து, மயிரிழை விரிசல் விடும்; வடிவம் மாறாது. நேர்கோட்டில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் நூல் நூலாகப் பிசிறு நின்றால் அது செயின் உரசியது. செயின் தொய்ந்திருக்கலாம், இல்லை ஒரு தடவை கழன்று அடித்திருக்கலாம். வெளிப்பக்கம் மட்டும் உருகி உள்பக்கம் சுத்தமாக இருந்தால் மிஷினைக் குறை சொல்லாதீர்கள். யாராவது அதை அடுப்போரமோ, குப்பை கொளுத்திய இடத்திலோ வைத்திருப்பார்கள்.

3. கிளட்ச் டிரம்முக்கு நேரே, உள்பக்கம் உருகியிருந்தால் முதல் சந்தேகம் பிரேக்தான். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தகடு முன்னால் தள்ளியிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது, தன் பக்கம் இழுத்தால் விடுபடும். பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்வது சரியான பழக்கம். ஸ்டார்ட் ஆனதும் அதை விடுவிக்க மறந்து ஆக்ஸிலேட்டரை அமுக்குவதுதான் வினை. செயின் நிற்கும், டிரம் நிற்கும், கிளட்ச் மட்டும் உள்ளே தேய்த்துக்கொண்டு சுற்றும். சில விநாடிகளிலேயே புகை வரும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மைத்துனர் அவசரக்காரர், பிரேக் போட்டபடியே இரண்டு இழு இழுத்துப் பார்த்து, “செயின் சுத்தலியே மாப்ளே” என்று இன்னும் அமுக்குவார். டிரம்மின் நிறத்தைப் பாருங்கள். இரும்பு நீலம் பாய ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கவர் செய்யும் நைலானோ 220 டிகிரிப் பக்கத்திலேயே உருகிவிடும். டிரம் நீலமாக இருந்தால் கவர் பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

4. பிரேக் குற்றமற்றது என்றால் செயினின் பல்லைப் பாருங்கள். கூரான பல் மரத்தைச் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாக்கும். மாவு வரும்போது நாம் மிஷினை அமுக்குவோம், செயின் திணறும், கிளட்ச் வழுக்கும், சூடு ஏறும். தென்னையின் வெளிப்பக்கம் கெட்டி. அடிமரத்தில் மணலும் ஒட்டியிருக்கும். மாமரம் அறுக்கும்போது தீட்டுவதைவிடச் சீக்கிரமாகவே அரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

5. பாரின் நுனியைக் காய்ந்த அட்டைக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்ஸிலேட்டரைக் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரின் காடியிலும் எண்ணெய்த் துளையிலும் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய மிஷின்கள் பலவற்றில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பல்சக்கரமும் பிளாஸ்டிக்தான். டிரம் சூட்டில் அது உருகினால் எண்ணெய் நிற்கும். எண்ணெய் நின்றால் சூடு இன்னும் ஏறும்.

6. மிஷின் சும்மா ஓடும்போது செயின் நகரக் கூடாது. நகர்ந்தால் ஐடிலிங் அதிகம், இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

7. சைலன்சர் பக்கம் உருகியிருந்தால் முதலில் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். அதிர்வில் அவை தளரும். இடுக்கு வழியாகப் புகை பீறிட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், கவரும் அந்தக் கோட்டுக்கு நேரேதான் இளகியிருக்கும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். வாயிலுள்ள சிறிய கம்பி வலையில் கரி அடைத்திருந்தாலும் சூடு உள்ளேயே தங்கும்.

8. மேல் கவர் வளைந்திருந்தால் குளிர்காற்று போகவில்லை. கயிறு இழுக்கும் பக்கத்துக் காற்றுத் துளைகளையும் சிலிண்டரின் இறக்கைகளையும் மரத்தூள் மூடியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். எண்ணெய்க் கலவையும் முக்கியம். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்று கூட வந்த புத்தகத்தில் இருக்கும். கண் அளவில் ஊற்றுகிறவர்கள் கவர் செலவோடு தப்பினால் அதிர்ஷ்டம்.

9. மேல் கவர் உருகிய மிஷினில் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் எண்ணெய் போதவில்லை அல்லது எங்கோ காற்று கசிகிறது. அங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

10. பேட்டரி மிஷினில் பேட்டரி உட்காரும் இடம் உருகியிருந்தால் தொடுமுனை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள்.

11. எம்-சீல், சூப்பர் க்ளூ வேலையெல்லாம் மேல் கவரின் மூலையோடு நிற்கட்டும். பக்கத்துக் கவர்தான் பாரை இறுக்கிப் பிடிக்கிறது. சில மாடல்களில் பிரேக் பட்டையே அதற்குள் இருக்கிறது. நட்டு உட்காரும் இடம் இளகிவிட்டால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள்.

12. புதுக் கவர் மாட்டியதும் நாலு துண்டு அறுத்துவிட்டு மிஷினை நிறுத்துங்கள். டிரம் பக்கம் புறங்கையைக் கவரைத் தொடாமல் நெருக்கிப் பிடியுங்கள். அனல் அடித்தால் மூன்றாவது குறிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எங்கள் மிஷினில் இப்போது பிரேக் தகட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது, மைத்துனருக்காக.