மழலைப் பாட்டும் மனை மகிழ்ச்சியும்



இசை என்றவுடன் நம் கண்முன் வருவன மேடையும் ஒலிபெருக்கியும் பரிசுக் கோப்பையும்தாம். நல்ல குரல் உள்ளவர்களுக்கே பாட்டு உரியது என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் நாம் ஒவ்வொருவரும் முதன்முதலில் கேட்ட பாட்டு மேடையில் பாடப்பட்டதன்று. தூளியின் அருகே பாடப்பட்டது. அதைப் பாடியவருக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. அந்த வீட்டுப் பாட்டைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திப்போம்.

தாய்க் குரலின் சிறப்பு

கருவில் இருக்கும் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்குத் தாயின் குரல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறந்து 3 நாட்களுக்கு உட்பட்ட குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தனர். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். அந்தப் பச்சைக் குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகவே சப்பக் கற்றுக்கொண்டன! குழந்தை தேடுவது இனிய குரலை அன்று, தெரிந்த குரலையே என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

தமிழர் கண்ட வழி

இதை நம் முன்னோர் ஆய்வின்றியே அறிந்திருந்தனர். தாலாட்டின் தாளம் தூளி போய்வரும் வேகத்தோடு ஒத்திருக்கும். அதில் குழந்தையின் பெயர் வரும்; தாய்மாமன் கொண்டுவரும் சீர் வரும்; அழும் பிள்ளையை யார் அடித்தார் என்ற கேள்வியும் வரும். ஆகவே ஒரு வீட்டுத் தாலாட்டு அடுத்த வீட்டுத் தாலாட்டு ஆகாது. குழந்தை தன் சொந்த பந்தங்களைப் பாட்டிலேயே தெரிந்துகொள்கிறது.

குழந்தை வளர வளரப் பாட்டும் வளரும். சாய்ந்தாட வைக்கும் பாட்டு, கை வீச வைக்கும் பாட்டு, நிலாவை அழைக்கும் பாட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடியவையும் இவைபோன்ற பாட்டுகளே. பின்னர் வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தன. தலையை அசைந்தாடச் செய்வது செங்கீரை. கை கொட்டச் செய்வது சப்பாணி. நிலாவை விளையாட வா என்று அழைப்பது அம்புலி. வீட்டு முற்றத்து விளையாட்டே இலக்கியம் ஆயிற்று.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) குழந்தைகளுக்காக எளிய பாடல்கள் இயற்றினார். 1922ஆம் ஆண்டில் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் பணிபுரிந்துகொண்டே அந்தத் தொண்டைத் தொடர்ந்து, குழந்தைக் கவிஞர் என்று பெயர் பெற்றார்.

எங்கள் மலையில்

எங்கள் கிளியூர்ப் பக்கம் மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர், சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாக விழும். காற்றடித்துச் சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். தொலைக்காட்சி ஊமையாகும், சிறிது நேரத்தில் கைப்பேசியும் அணைந்துவிடும். அப்போதுதான் எங்கள் வீட்டில் பாட்டு பிறக்கிறது.

ஆயா பாடுவார், அம்மா உடன் பாடுவார். குரல் சரியில்லை என்று கூறும் அப்பா, அரிசி அளக்கும் படியைக் கவிழ்த்துத் தாளம் போடுவார். மூன்று வயதுத் தம்பி ஒரே பாட்டை ஏழு முறை கேட்பான். ஏழாவது முறை, ஆயாவுக்கு முன்பாகவே அடுத்த சொல்லைச் சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. ஆயாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. தாலாட்டின் முதற்பாதி தடையின்றி வருகிறது; மாமன் சீர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறார். "அப்புறம் என்ன வரும் கண்ணு?" என்று எங்களையே கேட்கிறார். பக்கத்து லைன் வீட்டுப் பெரியம்மா வந்து இரண்டு வரி எடுத்துக் கொடுத்தார். எஞ்சிய வரிகள் இன்னும் கிடைக்கவில்லை. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயாவின் நினைவு ஒன்றே அவற்றுக்கு நூலகம்.

ஏட்டில் ஏற்றியவர்கள்

இத்தகைய இழப்பைத் தடுக்க முனைந்தோர் உண்டு. ஹங்கேரி நாட்டு இசை மேதை கோடாய் (1882–1967), 1905ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகச் சென்று கிராமத்துப் பாடல்களைத் திரட்டினார். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் குழந்தை தன் தாய்மொழிப் பாட்டை வாயாரப் பாட வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்தார், அது 1958இல் 'மலையருவி' என்ற பெயரில் வெளிவந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. எனினும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறிஞர் வர இயலுமா? நம் வீட்டுக்கு நாமே செல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

1. இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் எல்லோரும் கூடிப் பாடுவோம். கேட்பவர் மட்டும் என்று எவரும் இருத்தல் ஆகாது.

2. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீட்டின் கடைக்குட்டிக்குக் கொடுப்போம். அது கேட்ட பாட்டையே மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். அடுத்து வருவது தனக்குத் தெரியும் என்பதே அதற்குப் பெருமகிழ்ச்சி.

3. படி, தட்டு, கரண்டி, பயறு போட்டு மூடிய டப்பா ஆகியவை போதும். விலை கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை.

4. வானொலியிலும் கைப்பேசியிலும் நல்ல பாடல்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டுக் கற்போம். கற்றபின் கருவியை நிறுத்திவிட்டு நாமே பாடுவோம். கைப்பேசிக்கு நம் தம்பியின் பெயர் தெரியாது.

5. முதியவர் பாடுவதை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுவோம். பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம். யார் பாடினார், யாரிடம் கற்றார், எந்த ஊர் என்பதையும் குறிப்போம். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யலாம்.

தோழியரே! பொன்னையும் நிலத்தையும் பங்கிட்டால் குறையும். பாட்டைப் பங்கிட்டால் அது பலர் வாயில் வாழும். வருகிற கோடை விடுமுறை முடிவதற்குள் ஒவ்வொருவரும் நம் வீட்டுப் பாட்டுகள் ஐந்தையேனும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவருவோம். பாதி மட்டும் கிடைத்தாலும் எழுதுவோம். மறுபாதி இன்னொரு தோழியின் பாட்டியிடம் இருக்கலாம்.