மிஸ்ஸி வீட்டுக்கு வருவார்: அந்திமகாலப் பராமரிப்பில் உயர்நிலைத் தாதி ஆவது எப்படி?

சிங்கப்பூரின் சைனாடவுனில் புத்தர் பல் ஆலயத்தை ஒட்டி சாகோ லேன் என்றொரு குட்டைச் சந்து இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சாவு வீடுகள் இருந்தன. கடைவீட்டு மாடிகளில் தட்டி வைத்துத் தடுத்த அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த சீனத் தொழிலாளிகளுக்குப் படுத்துச் சாக இடமில்லை. குடியிருக்கும் இடத்தில் சாவு விழுந்தால் பீடை என்ற பயமும் இருந்தது. அதனால் முடியாதவர்கள் கடைசி நாள்களைக் கழிக்க இந்தச் சந்துக்கு வந்தார்கள். 1961-ல் அரசு அந்த வீடுகளைத் தடைசெய்தது.

இன்று அரசே மக்களை வீட்டுப் பக்கம் திருப்பப் பார்க்கிறது. சுகாதார அமைச்சு 2023-ல் அறிவித்த தேசிய உத்தியின்படி, மருத்துவமனையில் நேரும் மரணங்கள் 61 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 51 ஆகக் குறைய வேண்டும். வீட்டுப் பராமரிப்புக்கான இடங்கள் 2,400-லிருந்து 3,600 ஆக வேண்டும். அப்படியென்றால் புளோக் புளோக்காக ஏறி இறங்க ஆள் வேண்டும். மருத்துவர் தினமும் வர முடியாது, மக்கள் 'மிஸ்ஸி' என்று அழைக்கும் தாதிதான் வருவார். அந்தத் தாதிகளில் நோயாளியைப் பரிசோதித்து, நிலையைக் கணித்து, கூடுதல் தகுதி பெற்றால் மருந்தையும் மாற்றக்கூடியவர் உயர்நிலைத் தாதி. ஊழியர்கள் வாயில் 'ஏபிஎன்'.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன கோர்ஸ் படிக்கணும்?" அதைவிட முக்கியம், எதை எதற்குப் பிறகு செய்வது என்பது. வீட்டுப் பராமரிப்பில் பக்கத்தில் மருத்துவர் இருக்கமாட்டார், வார்டு மணியும் இருக்காது. தனியாக முடிவெடுக்கும் துணிவை வகுப்பறை தராது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் ஏறுங்கள்.

1. முதலில் தொண்டூழியராகப் போய்ப் பாருங்கள்

எச்சிஏ ஹாஸ்பிஸ், அசிசி ஹாஸ்பிஸ், டோவர் பார்க் ஹாஸ்பிஸ் ஆகிய அந்திமகாலப் பராமரிப்பு அமைப்புகள் மூன்றிலும் தொண்டூழியர்களுக்கு இடமுண்டு. உணவு ஊட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, சும்மா உட்கார்ந்து பேசுவது போன்ற வேலைகள்தாம். சில மாதம் போய்வந்தால், இறக்கும் மனிதரின் அருகே உங்களால் நிம்மதியாக உட்கார முடிகிறதா என்று தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தாதிமையில் வேறு துறைகள் எத்தனையோ உண்டு.

2. பதிவுபெற்ற தாதி ஆகுங்கள்

உள்ளூர் மாணவர்களுக்குப் பல வழிகள் உண்டு. நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டயம் படிக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தில் பட்டம் பெறலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துத் துணைநிலைத் தாதியாகத் தொடங்கி மேலே வரலாம். வேறு தொழிலில் இருந்து மாறுகிற குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பணிமாற்றுத் திட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்தவர்கள் முதலில் இங்குள்ள மருத்துவ நிறுவனம் ஒன்றில் வேலை உறுதி பெற வேண்டும். அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் சிங்கப்பூர் தாதிமை வாரியத்துக்கு விண்ணப்பம் போகும். பிறகு வாரியத்தின் உரிமத் தேர்வு எழுத வேண்டும். முன்பணம் கேட்கும் தரகரிடம் கையெழுத்துப் போடும் முன், வேலை தரும் நிறுவனம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. பொது வார்டில் கை பழக்குங்கள்

பதிவானதும் நேரே ஹாஸ்பிஸுக்கு ஓட வேண்டாம். புற்றுநோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, நுரையீரல் நோய் ஆகியவற்றைப் பார்க்கும் வார்டில் சில ஆண்டு இருங்கள். மூச்சுத்திணறல் கிருமித்தொற்றாலா, நோய் முற்றியதாலா என்று பிரித்தறியும் கண் அங்கேதான் திறக்கும். முதல் வகை மருந்தில் சரியாகலாம், இரண்டாவதற்கு ஆறுதலே சிகிச்சை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தாதி, வீட்டில் ஆபத்து.

4. அந்திமகாலப் பராமரிப்புக்கு மாறுங்கள்

சைனாடவுனை ஒட்டிய ஊட்ரமிலேயே சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் தேசியப் புற்றுநோய் நிலையமும் உள்ளன. இரண்டிலும் இத்துறைக் குழுக்கள் இயங்குகின்றன. மருத்துவமனைக் குழு, உள்நோயாளி ஹாஸ்பிஸ், வீட்டுப் பராமரிப்பு மூன்றிலும் அனுபவம் சேருங்கள்.

ஒரு வீட்டு வருகை எப்படி இருக்கும்? கிரேத்தா ஆயர் பக்கம் ஓரறை வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் பெரியவர், தலையணை ஓரம் சிரிஞ்ச் பம்ப். அது 24 மணிநேரமும் மருந்தைத் தோலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறது. ஊசி குத்திய இடம் சிவந்திருக்கிறதா, மிச்ச மருந்து கணக்குக்குச் சரியா, பேட்டரி தாங்குமா என்று பார்க்கிறீர்கள். கதவருகில் மகள் குரலைத் தாழ்த்தி, "மார்ஃபின் கொடுத்தா அப்பா சீக்கிரம் போயிடுவாரா மிஸ்ஸி?" என்கிறார்.

பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வலிக்கு ஏற்றபடி அளந்து ஏற்றும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், ஆகவே பேதி மருந்தையும் கூடவே தொடங்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் டோஸ், வழக்கமாக நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. வாய்வழி 60 மில்லிகிராம் எடுப்பவருக்கு அது 10 மில்லிகிராம். இந்தக் கணக்கும் இந்த உரையாடலும் சேர்ந்ததுதான் வேலை.

5. முதுகலை, பிறகு ஏபிஎன் சான்று

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003-ல் தாதிமை முதுகலையைத் தொடங்கியது. இளங்கலைப் பட்டமும் மருத்துவ அனுபவமும் இருந்தால்தான் சேர முடியும். பட்டயம் மட்டும் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பட்டத்தை முடித்துவிடுங்கள். உடற்பரிசோதனை, நோய்க்கூறு, மருந்தியல் எல்லாம் கடினமாகவே இருக்கும். முதுகலைக்குப் பின் மேற்பார்வையில் பயிற்சிக்காலம், அதன் பிறகே வாரியத்தின் சான்று. அது இல்லாமல் ஏபிஎன் என்று போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராது. நிறுவனத்தின் படிப்புச் சலுகை பெற்றால் ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்று கேட்டு, வீட்டிலும் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

6. மருந்து எழுதும் தகுதி

2018-ல் தொடங்கிய தேசியக் கூட்டு மருந்துப் பரிந்துரைத் திட்டத்தை முடித்தால், மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வரம்புக்குள் நீங்களே மருந்து எழுதலாம். வரம்புக்கு வெளியே என்றால் தொலைபேசியை எடுத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கக் கூடாது.

7. நாலு மொழியில் வலியைக் கேளுங்கள்

தமிழும் ஆங்கிலமும் மட்டும் இங்கே போதாது. மலாயில் "சாக்கிட்?", கான்டனீஸில் "துங் ம் துங்?" என்று கேட்கத் தெரிந்தால் பாட்டி முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். நம் வீடுகளிலும் சங்கடம் குறைவில்லை. "அப்பாகிட்ட புற்றுநோய்னு சொல்லிடாதீங்க" என்று மகன் கெஞ்சுவார். அவரோடு வாதாட வேண்டாம். "அப்பாவா கேட்டா நான் பொய் சொல்ல முடியாது தம்பி. அவருக்கு எவ்வளவு தெரியணும்னு அவரையே கேட்கலாமா?" என்று தொடங்கிப் பாருங்கள்.

8. காகித வேலையை அசட்டை செய்யாதீர்கள்

முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் நோயாளியின் விருப்பத்தைப் பதிவு செய்வது. 1996-ம் ஆண்டுச் சட்டப்படியான முன்கூட்டிய மருத்துவ உத்தரவு வேறு. அது மீளமுடியாத கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று எழுதிவைப்பது. இரண்டையும் குடும்பத்துக்குப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

கடைசி நேரத்தில் பதறி 995-ஐ அழைத்தால், வீட்டில் இறக்க விரும்பியவர் மருத்துவமனைக்குப் போய்விடுவார். எனவே ஹாஸ்பிஸின் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எதிர்பார்த்த மரணம் என்றால் மருத்துவர் வந்து சான்றளிப்பார். 2022 மே 29 முதல், சான்றளித்ததுமே மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது. இதை முன்னமே சொல்லி வைத்தால் பாதிப் பதற்றம் அடங்கும்.

9. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

வேலை நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்? இரவு அழைப்புக்குப் பின்னால் எந்த மருத்துவர் நிற்கிறார்? ஒரு மரணத்துக்குப் பிறகு குழு உட்கார்ந்து பேசுகிறதா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் சேரும் முன் இருமுறை யோசியுங்கள்.

மொத்தத்தில் பத்தாண்டைத் தாண்டக்கூடிய பாதை இது. 25 வயதில் தொடங்கினாலும் 38-ல் தொடங்கினாலும், முதுகலை விண்ணப்பத்தைக் கடைசியில் வைத்து, நோயாளி அருகே கழிக்கும் ஆண்டுகளை முன்னால் வையுங்கள். முதல் வேலை, ஒரு ஹாஸ்பிஸின் தொண்டூழியர் படிவத்தை இந்த வாரமே நிரப்புவது.