விண்டோஸ் மாறிவிட்டதா? பழகிய வழிகளைத் தேடிப் பிடிக்கலாம்

"என் கம்ப்யூட்டரைக் காணோம்மா."

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, திருச்சியிலிருந்து அப்பா போனில் சொன்னது இது. கம்ப்யூட்டர் மேஜை மேல்தான் இருந்தது. காணாமல் போனது அவர் பழகி வைத்திருந்த விண்டோஸ் 10. முந்தைய வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அதை விண்டோஸ் 11 ஆக அப்கிரேட் செய்துவிட்டு வந்தவள் நான்தான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. இனிப் பாதுகாப்பு அப்டேட் வராதே என்ற கவலையில் செய்தேன். அவருடைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது என்பதால் செலவும் இல்லை. ஆனால் மாறிய திரையை அவருக்குப் பத்து நிமிடம் காட்டிவிட்டு வர எனக்குத் தோன்றவில்லை. சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். மாதாந்திரக் கணக்கை எக்ஸெலில் போட்டு, பென் டிரைவில் எடுத்துப்போய், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பார். கூட்டம் ஞாயிறு காலை. அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. கம்ப்யூட்டர் வாங்கியபோது நான் சொல்லச் சொல்ல அவரே எழுதியது. "இடது மூலையில் கொடி, ஒரு க்ளிக்." "பைல் மேல் ரைட் க்ளிக். நடுவில் சென்ட் டு. அதில் பென் டிரைவ்." இப்படியே பதினைந்து பக்கம்.

அன்று இரவு இடது மூலைக்கு மவுஸைக் கொண்டு போனார். ஸ்டார்ட் மெனுவுக்குப் பதில் வெப்பநிலையும் செய்திகளும் அடங்கிய பெரிய பலகை திறந்தது. எப்படியோ பைலைத் தேடிப் பிடித்து ரைட் க்ளிக் செய்தால் சென்ட் டு இல்லை. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, கணக்கு முழுவதையும் வெள்ளைத் தாளில் கையால் எழுதத் தொடங்கிவிட்டு, அதன் பிறகுதான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

"பரவாயில்லம்மா, எனக்கு வயசாயிடுச்சு. இதெல்லாம் இனிமே ஒத்துவராது."

வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கம்ப்யூட்டர் பழகும்போது நாம் பெயர்களை விட இடங்களைத்தான் அதிகம் நினைவில் வைக்கிறோம். மூலையில் இருப்பது, மேலிருந்து மூன்றாவது, மஞ்சள் படத்துக்குப் பக்கத்தில் என்று கை தானாகப் போகும். சமையலறையில் உப்பு டப்பாவை எடுக்கும்போது யாரும் லேபிளைப் படிப்பதில்லை. டப்பாக்களை யாராவது இடம் மாற்றி வைத்தால் தினமும் சமைப்பவர்தான் முதலில் தடுமாறுவார். விண்டோஸ் மாறும்போதும் இதுதான் நடக்கிறது. நன்றாகப் பழகியவருக்கே தொல்லை அதிகம். ஆறுதலான செய்தி, டப்பாக்களில் பெரும்பாலானவை உள்ளேயேதான் இருக்கின்றன.

முதலில் அந்த ஸ்டார்ட் பட்டனைப் பார்ப்போம். 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டாஸ்க் பாரின் ஐகான்களை நடுவுக்குக் கொண்டு வந்தது. காலியான இடது மூலையில் விட்ஜெட்ஸ் உட்கார்ந்துகொண்டது. இதை மாற்ற, டாஸ்க் பாரில் காலியான இடத்தில் ரைட் க்ளிக் செய்திடவும். கிடைக்கும் சிறு மெனுவில் டாஸ்க்பார் செட்டிங்ஸ் என்பதில் க்ளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும். அதில் கீழே இறங்கி டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்ற பிரிவை விரிக்கவும். டாஸ்க்பார் அலைன்மென்ட் என்பதில் சென்டர் என்று இருக்கும். அதை லெப்ட் என மாற்றிடவும். அவ்வளவுதான், ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துவிடும். செய்திப் பலகை வேண்டாம் என்றால் அதே விண்டோவில் விட்ஜெட்ஸ் எதிரே உள்ள சுவிட்சை ஆப் செய்துவிடுங்கள். இந்த இரண்டை மட்டும் செய்தாலே பாதிக் கோபம் அடங்கும்.

அடுத்தது ரைட் க்ளிக் மெனு. அப்பாவை மாட்டிவிட்டது இதுதான். விண்டோஸ் 11-ல் இந்த மெனுவைச் சுருக்கிவிட்டார்கள். கட், காப்பி, ரீநேம், டெலிட் ஆகியவை வார்த்தைகளாக இல்லாமல் சிறு படங்களாக ஒரு வரிசையில் நின்றன. எந்தப் படம் எதற்கு என்று ஊகிக்க வேண்டியிருந்தது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே பெயரைச் சேர்த்தார்கள். எனவே குழம்பியது நீங்கள் மட்டும் அல்ல. சென்ட் டு போன்றவை ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போய்விட்டன. மெனுவின் அடிப்பகுதியில் இருக்கும் அந்த வரியில் க்ளிக் செய்தால் பழைய நீள மெனு திறக்கும். கீபோர்டு வழியும் உண்டு. பைலைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் கீயுடன் எப்10 கீயை அழுத்தவும். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

போனில் அப்பாவுக்கு அந்த வரியைச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இங்கேயேதான் இருந்துச்சா?" என்றார்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து இந்த மெனுவைப் பழையபடி நிரந்தரமாக்கும் வழிகளை வீடியோக்களில் காட்டுகிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு க்ளிக்கை மிச்சம் பிடிக்க விண்டோஸையே கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முன்பின் தெரியாத புரோகிராமை இறக்கிப் பதிவதும் அப்படித்தான்.

டாஸ்க் பாரில் வேர்ட், எக்ஸெல் எல்லாம் பெயரில்லாத வெறும் ஐகானாகத் தெரிவது சிலருக்கு எரிச்சல் தரும். பெயருடன் தனித்தனியாகக் காட்டும் வசதி 2021-ல் விடப்பட்டு, 2023-ல் திரும்ப வந்தது. மேலே சொன்ன டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பிரிவிலேயே, பட்டன்களை இணைப்பது பற்றிய வரியில் நெவர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

இப்படி எடுப்பதும் திரும்பக் கொடுப்பதும் புதிதல்ல. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 2013-ல் 8.1 பதிப்பில் பட்டன் வந்தது. மெனு முழுமையாகத் திரும்ப 2015-ல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் திரை சுத்தமாக, அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை உண்டு. எனக்கும் உண்டு. அந்த அழகுக்கு அப்பா இரண்டு மணி நேரம் விலை கொடுத்தார் என்பதை நான் அலுவலகத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இருவரும் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திருத்தினோம். தவறு அதில்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்த என் தவறு. எல்லாம் இடக்குறிப்பு. எனவே இந்த முறை பெயர்களை எழுதினோம். கொடி, மூலை என்பதற்குப் பதில், "விண்டோஸ் கீயை அழுத்து, வேண்டியதன் பெயரை டைப் செய், என்டர்." எக்ஸெல், கால்குலேட்டர், கன்ட்ரோல் பேனல் எதுவானாலும், அது எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் இப்படித் தேடினால் கிடைத்துவிடும். நீங்களும் ஆங்கிலப் பெயரை அதே எழுத்துகளில் குறித்து வையுங்கள். முதல் மூன்று நான்கு எழுத்துகள் போதும்.

ஷார்ட்கட் கீகளையும் சேர்த்தோம். பதிப்புகள் மாறினாலும் இவை எளிதில் மாறுவதில்லை. போல்டர்களைப் பார்க்க விண்டோஸ் கீயுடன் இ கீ. இது விண்டோஸ் 95 காலத்திலேயே உண்டு. காப்பி செய்யக் கன்ட்ரோல் கீயுடன் சி, ஒட்டக் கன்ட்ரோல் கீயுடன் வி. ஆக, சென்ட் டு கிடைக்காவிட்டாலும் பைலைக் காப்பி செய்து, பென் டிரைவைத் திறந்து ஒட்டிவிடலாம். பெயர் மாற்ற எப்2. ஒரு புரோகிராம் உறைந்து நின்றால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். தமிழ் கீபோர்டைச் சேர்த்திருப்பவர்கள் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும்.

கடைசிப் பக்கத்தில் அப்பா தானாக ஒரு வரி சேர்த்தார்: "கேட்காமல் யாரும் அப்கிரேட் செய்யக் கூடாது." பக்கத்தில் என் பெயர்.

எல்லாம் செய்தும் புதிய பதிப்பு ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போகவும் வழி உண்டு. ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. அப்கிரேட் செய்த நாளிலிருந்து பொதுவாக 10 நாட்கள்தான். செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் ரெகவரி என்று செல்லவும். கோ பேக் என்ற பட்டன் அங்கே இருக்கும். பழைய பதிப்பு விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டரில் வைக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று இதை நீக்கிவிட்டால் கோ பேக் வேலை செய்யாது. உங்கள் போட்டோக்களும் டாகுமெண்டுகளும் அப்படியே இருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு பதிந்த புரோகிராம்கள் போய்விடும். இருந்தாலும் முக்கியமானவற்றைப் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். விண்டோஸ் 10-க்குத் திரும்பினால் பாதுகாப்பு அப்டேட் பிரச்சினையும் கூடவே திரும்பி வரும். அதனால் அப்பாவின் கம்ப்யூட்டரை நாங்கள் திருப்பவில்லை.