கிளைடரை இயக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீருக்கடியில் ஆளில்லாமல் சென்று அளவெடுக்கும் கிளைடரை முதல் முறையாகக் கடலில் இறக்கப்போகிறாய், அதுவும் வங்கக் கடலில் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். இயக்கும் முறையைக் கையேடு சொல்லிக்கொடுத்துவிடும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: திரையில் வந்து விழும் எண்ணில் கடலின் பங்கு எது, கருவியின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கப் பழகு.

அந்தப் பழக்கம் கரையிலேயே தொடங்க வேண்டும். கிளைடருக்கு உந்துவிசிறி கிடையாது. ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் பருமன் கூடி மேலே வரும்; உள்ளே இழுத்துக்கொண்டால் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை இறக்கைகள் முன்னோக்கிய நகர்வாக மாற்றுகின்றன. ஆகவே எடையைச் சமன் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீரால் வங்கக் கடலின் மேல்நீர் அடர்த்தி குறைந்தது. அடர்த்தி கன மீட்டருக்கு ஒரு கிலோ மாறினாலே, 50 லிட்டர் பருமனுள்ள கருவிக்கு 50 கிராம் வித்தியாசம். வேறு கடலுக்குச் சமன் செய்ததை அப்படியே இங்கே விட்டால், ஆன்டெனாவை நீருக்கு வெளியே நீட்ட முடியாமல் போகலாம். அப்புறம் செயற்கைக்கோளோடு பேச்சே இல்லை. தொட்டியில் கருவியை மிதக்கவிட்டு ஈயத்துண்டுகளைக் கிராம் கணக்கில் கூட்டிக் குறைக்கும்போது நீ பக்கத்தில் இரு.

அடுத்தது நீரோட்டம். கிளைடர் நீரில் வினாடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர்தான் நகரும். பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் அதைவிட வேகமாக ஓடும். கருவி பாதை விலகினால் பதறாதே. தன் கணக்குப்படி அது வந்திருக்க வேண்டிய இடத்துக்கும், மேலே வந்து ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, மூழ்கியிருந்த நேரத்தால் வகுத்துப் பார். அது போய்வந்த ஆழம் முழுமைக்குமான சராசரி நீரோட்டம் கிடைத்துவிடும். ஆனால் திசைகாட்டி பிசகியிருந்தால் அந்தப் பிசகும் நீரோட்டமாக வேடம் போடும். அதனால் திசைகாட்டியைச் சரிபார்க்காமல் கருவியை இறக்காதே. ஓட்டத்தை எதிர்த்துப் பேட்டரியைக் கரைக்கவும் வேண்டாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்கார்லெட் நைட்’ கிளைடர் 2009இல் நியூஜெர்சியிலிருந்து ஸ்பெயின்வரை 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. கரையிலிருந்து அதை வழிநடத்தியவர்கள் சாதகமான ஓட்டங்களையும் சுழல்களையும் தேடிப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

மூன்றாவதாக உவர்ப்பு. இதில்தான் மிக அதிகக் கவனம் வேண்டும். சென்சார் உவர்ப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் வைத்து நாம் கணக்கிடுகிறோம். வெப்பநிலை சடசடவென இறங்கும் அடுக்கில், அளக்கும் குழாயின் சுவர் பழைய சூட்டைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். அதனால் உவர்ப்பு வரைபடத்தில் பொய்யான முனைகள் எழும். இறங்கும்போது எடுத்ததையும் ஏறும்போது எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார். இரண்டும் பிரியும் இடத்தில் சந்தேகப்படு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016 தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், வங்கக் கடலை ஆராயும் ‘பாபிள்’ திட்டத்துக்காக ‘சிந்து சாதனா’ கப்பல் போனபோது, இலங்கைக்குக் கிழக்கே 8 பாகை வட அட்சக்கோட்டில் கிளைடர்கள் இறக்கப்பட்டன. அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர், மேலே கிடக்கும் நன்னீர் கலந்த நீருக்கு அடியில் புகுந்து வங்கக் கடலுக்குள் வருவதை அவை பதிவு செய்தன. அது வருவதும் வெப்பநிலை வேகமாகக் குறையும் அந்த அடுக்கை ஒட்டித்தான். திருத்தாத சென்சார் அங்கே இல்லாத உப்பைக் காட்டும், இருக்கும் உப்பை மறைக்கும். பருவமழையைக் கணிக்கும் மாதிரிகள் இந்த எண்களை நம்பினால், நம் கவனக்குறைவு அங்கேயும் போய்ச் சேரும்.

எனவே மூலத் தரவை ஒருநாளும் அழிக்காதே. செய்த திருத்தத்தை, செய்த காரணத்தோடு எழுதி வை. கப்பலில் எடுத்த நீர் மாதிரியோடு ஒப்பிடாமல் முடிவு சொல்லாதே. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். இருபது ஆண்டு கழித்து வங்கக் கடல் எவ்வளவு மாறியது என்று கேட்பவர்கள், உன் எண்களைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
உன் அக்கா