தெளிவான வீடியோ, தெளியாத பாடம்

நம்பிக்கை: வீடியோ தெளிவாக இருந்தால் பாடம் புரிந்துவிடும்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் இதைச் சோதித்துப் பார்த்துத்தான் 2008இல் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னாளில் ‘வெரிட்டாசியம்’ யூடியூப் சேனலால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. மேலே எறிந்த பந்தின்மீது செயல்படும் விசையை விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள், தெளிவு, எளிமை என்று பாராட்டினார்கள். 26 மதிப்பெண் தேர்வில் வீடியோவுக்கு முன் அவர்களுடைய சராசரி 6. பார்த்த பின் 6.3! கை கொடுத்த விசை பந்தோடு கூடவே மேலே போகிறது என்று ஏற்கெனவே நம்பியவர்கள், வீடியோவும் அதையேதான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்குக் காட்டிய வீடியோவில், அந்தத் தவறான எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்வார். பிறகு அது எங்கே இடறுகிறது என்று அலசுவார்கள். பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருந்தது’ என்றார்கள். சராசரியோ 11ஐத் தொட்டது.

ஆகவே, “புரிஞ்சுதா?” என்றதும் வகுப்பே கோரஸாகப் போடும் “புரிஞ்சுது சார்” எதற்கும் சாட்சியில்லை. வீடியோவை ஓடவிடும் முன், என்ன நடக்கும் என்று பிள்ளைகளை நோட்டில் எழுதவையுங்கள்.

நம்பிக்கை: படித்தால் 10 சதவீதம், பார்த்தால் 30 சதவீதம் மனதில் நிற்கும்.

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி தலைகாட்டும் கூம்புப் படம் சொல்லும் கணக்கு இது. 1946இல் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் வரைந்த கூம்பில் சதவீதமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. விட்டுத்தள்ளலாம்.

நம்பிக்கை: திரையில் பாடம் என்பது செல்போன் காலத்துச் சங்கதி.

1975 ஆகஸ்டிலேயே இஸ்ரோ, நாசாவின் செயற்கைக்கோள் உதவியோடு ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. அதைவிட முக்கியம், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கத் தொலைக்காட்சி, வானொலி, அச்சுக் கையேடு, செய்முறை எல்லாம் சேர்த்துப் பயிற்சி தந்தார்கள். மாறாக, 2020 செப்டம்பர் 1 அன்று தெலங்கானாவில் தூர்தர்ஷன் யாதகிரி, டி-சாட் தொலைக்காட்சிகள் வழியே வகுப்புகள் தொடங்கியபோது, பிள்ளை வீட்டில் திரை முன்னால், ஆசிரியர் வேறெங்கோ. கொரோனா காலத்தில் வேறு வழியில்லை. ஆனால் அதையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை.

நம்பிக்கை: கணினியில் செய்யும் சோதனை போலி.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ இணையதளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாடம் இருக்கிறது. அதில் பழகிய மாணவர்கள், நிஜமான பல்பையும் கம்பியையும் கையில் கொடுத்தபோது, ஆய்வகத்திலேயே பழகியவர்களைவிட நன்றாகச் சுற்றை அமைத்தார்கள் என்கிறது 2005இல் வந்த ஓர் ஆய்வு. கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதைத் திரை காட்டுகிறது; ஆய்வக மேசை காட்டாது. எல்லாச் சோதனைக்கும் இது பொருந்தும் என்று இழுத்துவிடக் கூடாது.

நம்பிக்கை: நேரில் பார்க்க முடிந்தால் வீடியோ தேவையில்லை.

ஹைதராபாத்தின் போவன்பள்ளி காய்கறிச் சந்தையையே எடுத்துக்கொள்வோம். அதே நகரின் தார்நாக்காவிலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (ஐ.ஐ.சி.டி.) தொழில்நுட்பத்தில், அழுகிய தக்காளியும் கோஸ் இலையும் அங்கே கூழாக அரைபட்டு, காற்றுப் புகாத தொட்டிக்குப் போய் எரிவாயுவாகின்றன. நேரில் போகும் பிள்ளை பார்ப்பது மூடிய தொட்டி, குழாய்கள், நாற்றம். உள்ளே நுண்ணுயிர்கள் செய்யும் வேலையை அசைபடம்தான் காட்ட வேண்டும்.

அசைபடத்துக்கும் ஒரு குறை உண்டு: வாரக்கணக்கான வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். பாட்டிலில் காய்கறித் தோலோடு சாணக் கரைசலை ஊற்றி, வாயில் பலூனை மாட்டி வைத்தால் அந்தக் காத்திருப்பு புரியும். முதலில் பலூனை உப்பவைப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் மெதுவாகத்தான் வரும். (தீக்குச்சி கொண்டுபோகாதீர்கள்.)

வீடியோவுக்கு முன் கேட்கத் தோதான கேள்வியும் அந்தச் சந்தையிலேயே கிடைக்கிறது. 2021 ஜனவரியில் பிரதமர் வானொலியில் சொன்ன கணக்கு இது: நாளுக்கு சுமார் 10 டன் கழிவு, 500 யூனிட் மின்சாரம், 30 கிலோ எரிபொருள். 10 டன் உள்ளே போனால் மிச்சமெல்லாம் எங்கே? எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “கரண்ட்டா மாறிடுச்சு” என்று பல குரல்கள் வரும். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை, ஒரு தக்காளியை நறுக்கி வெயிலில் காயவைத்து எடை பார்த்தே காட்டிவிடலாம்.