வீட்டிசையும் வலுமிக்க ஒற்றைத்தட விரியலாக்கிகளும்
— ஓர் ஒப்பாய்வு —

(பழைய மாணவன் ஒருவன்)

ஓசை ஆகாயத்தின் குணம் என்பது நம் தருக்க நூலார் கொள்கை. அவ்வோசையை மின்னோட்டமாக மாற்றி, தட்டிற் பதித்து, வேண்டும்போது வீட்டுக் கூடத்தில் மீண்டும் எழுப்பும் வித்தையோ மிக அண்மைக் காலத்தது. மின்முறையில் இசைத்தட்டுப் பதியும் வழக்கம் 1925ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயாம். அன்று தொட்டு இன்றுவரை இவ்வித்தையின் நடுநாயகமாய் நிற்பது விரியலாக்கி. அம்பிளிபயர் என உலகம் வழங்குவது இதனையே.

கண்டி மாநகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய சுற்றூர்களிலும் வாழும் பழைய மாணவர் சிலர், 'ஒற்றைத்தட விரியலாக்கி இரண்டு வாங்குதல் தகுமா? பெரும்பொருள் கொடுத்தால் அதற்கேற்ற இன்பம் உண்டா?' என்று என்னைக் கேட்பதுண்டு. பௌதிகம் பயிலும் இளைஞர்க்கும் பயன்படுமாறு, கணக்கோடு கூடிய விடை ஒன்றை இம்மலரில் தர முயல்கின்றேன்.

ஒற்றைத்தடம் என்பது யாது?

ஸ்டீரியோ இசைக்கு இடம், வலம் என இரண்டு தடங்கள் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கினால் அஃது இருதட விரியலாக்கி. ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில், தனி நிலைமாற்றியோடும் தனி வலு வழங்கியோடும் அமைத்தால் அஃது ஒற்றைத்தட விரியலாக்கி; வணிகர் வழக்கில் மொனோபிளொக்.

இது செல்வர்க்கென்று பிறந்த பொருளன்று. ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் சந்தைக்கு வந்தது 1958ஆம் ஆண்டளவிலேதான். அதற்கு முன்னர் விரியலாக்கிகள் பெரும்பாலும் ஒற்றைத்தடமே. 1947இல் வில்லியம்சன் என்பார் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் வெளியிட்ட 15 உவாற்று அமைப்பைப் பார்த்து, உலகெங்கும் ஆர்வலர் தம் கையாற் செய்துகொண்டனர். 1953இல் வெளிவந்த குவாட் இரண்டு என்பதும் கே.டி. 66 வால்வு இரண்டினால் 15 உவாற்று வலு தந்தது. ஸ்டீரியோ வந்தபோது, ஒன்று வைத்திருந்தோர் இரண்டாவதையும் வாங்கி அருகில் வைத்தனர். அவ்வளவே.

பின்னர் வலுப் போட்டி தொடங்கிற்று. 1960இல் வந்த மராண்ட்ஸ் ஒன்பது, ஒற்றைத்தடத்தில் 70 உவாற்று. 1961இல் வந்த மக்கின்டொஷ் எம்.சி. 275, ஒரே அடித்தட்டில் தடத்துக்கு 75 உவாற்று. 1968இல் வந்த எம்.சி. 3500 ஒற்றைத்தடத்தில் 350 உவாற்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு வுட்ஸ்டொக் இசைவிழாவில் பெருந்திரளான மக்களுக்கு ஒலி வழங்கியது இதுவே. திறந்த வெளியில் இலட்சக்கணக்கானோர் கேட்பதற்கு உதவிய வலுவை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இருவர் கேட்பதற்கு விரும்புவோர் இன்றும் உளர்.

காது கணக்கிடும் முறை

மாணவர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. வலு இரட்டித்தால் ஓசை இரட்டிப்பதில்லை. நம் செவி மடக்கை முறையிற் கணக்கிடும் இயல்புடையது. வலு இருமடங்கானால் ஒலிமட்டம் 3 தெசிபெல் உயரும். அஃது 'சற்றே கூடியது' என்று தோன்றும் அளவே. ஓசை இருமடங்காயிற்று என்று தோன்ற ஏறத்தாழ 10 தெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். மேற்கூறிய 70 உவாற்றுக்கும் 75 உவாற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.3 தெசிபெல், அதை எச்செவியும் பொருட்படுத்தாது. 200 உவாற்றுக் கருவியை விற்று 400 உவாற்றுக் கருவி வாங்குவோர் பெறுவது 3 தெசிபெல்லே.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒலிபெருக்கி ஒன்று 1 உவாற்று வலுவுக்கு 1 மீற்றர் தூரத்தில் 87 தெசிபெல் தருமென்க. கேட்போர் 3 மீற்றர் தூரத்தில் இருப்பாராயின் திறந்த வெளியில் 9.5 தெசிபெல் குறையும். சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் அறையில் 6 தெசிபெல் குறைவதாகக் கொள்ளலாம். ஒலிபெருக்கிகள் இரண்டாதலால் 3 தெசிபெல் கூடும். ஆகவே, தடத்துக்கு 1 உவாற்று கொடுத்தால் நம் காதில் விழுவது 84 தெசிபெல்.

வீட்டில் அமைதியாய் இசை கேட்போர்க்குச் சராசரி 75 தெசிபெல் போதும். அதற்கு வேண்டிய வலு ஓர் உவாற்றின் எட்டில் ஒரு பங்கே! ஆயினும் இசை சமநிலமன்று. மலைநாடு போல் ஏற்ற இறக்கம் உடையது. மேள முழக்கத்தின் உச்சி சராசரிக்கு மேல் 20 தெசிபெல் எழக்கூடும். அவ்வாறாயின் 95 தெசிபெல் உச்சிக்குச் சற்றொப்ப 13 உவாற்று வேண்டும். பழைய 15 உவாற்றுக் கருவி எங்ஙனம் ஒரு தலைமுறையை மகிழ்வித்தது என்பது இப்போது விளங்கும். சராசரியை 80 ஆக உயர்த்தினால் 40 உவாற்றும், 85 ஆக உயர்த்தினால் 126 உவாற்றும் வேண்டும். உயர்வலுவின் தேவை இங்கேதான் எழுகின்றது. அது தொடர்ந்து வேண்டப்படும் வலுவன்று; கணப்பொழுது எழும் உச்சிக்குரிய சேமிப்பு.

அடியேன் கண்ட பிழை

சில ஆண்டுகளுக்கு முன், எசல பெரஹெராவின்போது தெருவோரம் நின்று கெட்ட பெரய முழக்கத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டேன். வீட்டில் என்னிடம் இருந்தது 20 உவாற்று இருதடக் கருவி. உரக்க வைத்துக் கேட்டபோது முழக்கத்தின் ஒவ்வோர் அடியும் வறண்டு, தகரத்திற் கல் விழுந்தாற்போல் ஒலித்தது. நண்பர் ஒருவர் 200 உவாற்று ஒற்றைத்தட விரியலாக்கி இரண்டை இரவல் தந்தார். என்னே வேறுபாடு! தோலின் அதிர்வும் தெருவின் விரிவும் கண்முன் நின்றன. மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்தேனும் இவற்றை வாங்குவது என்று அன்றிரவே துணிந்தேன்.

மறுநாட் காலையிற் பௌதிகம் நினைவுக்கு வந்தது. இரவற் கருவியின் பெருக்கம் கூடுதலாதலால், குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் அஃது உரக்க ஒலித்திருக்கவேண்டும். சற்று உரத்த ஓசையை 'உயர்ந்த' ஓசை என்று கொள்வது செவியின் பலவீனம். ஆகவே 100 ஹேட்சுச் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஒலிபெருக்கியின் முனைகளிற் பல்மானியை வைத்து, இரு கருவிகளின் வோல்ற்றளவையும் நூற்றுக்கு ஒரு பங்கு பிழைக்குள் சமப்படுத்தினேன். அவ்வளவில் வேறுபாடு 0.1 தெசிபெல்லுக்கு மேற்படாது. (சாதாரணப் பல்மானிகள் உயர் மீடிறன்களிற் பிழைபடக் காட்டுமாதலால் தாழ்ந்த சுரமே தக்கது.) என் மருகன் திரைக்குப் பின்னிருந்து கருவிகளை மாற்ற, எது ஒலிக்கின்றது என்பதை நான் எழுதி வந்தேன்.

75 தெசிபெல் மட்டத்திற் பன்னிரண்டு முறை கேட்டு ஆறு முறையே சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவே கிடைத்திருக்கும். 80 தெசிபெல் மட்டத்தில் அதே முழக்கத்தைக் கேட்டபோது பன்னிரண்டுக்குப் பதினொன்று சரியாயிற்று. வெறும் ஊகத்தால் பதினொன்றோ அதற்கு மேலோ கிடைப்பதற்குரிய நிகழ்தகவு 4096இல் 13 மட்டுமே என்பதை மாணவர் தாமே கணித்தறிக.

இதன் பொருள் யாது? தாழ்ந்த மட்டத்தில் 13 உவாற்றே வேண்டியிருந்தது; என் சிறு கருவி அதைத் தந்தது. உயர்ந்த மட்டத்தில் 40 உவாற்று வேண்டியிருந்தது. 20 உவாற்றுக் கருவி 3 தெசிபெல் குறைந்து, அலையின் உச்சியை வெட்டிவிட்டது. அவ்வெட்டையே நான் 'வறட்சி' என உணர்ந்தேன். குறை வலுவில் இருந்தது. இருதட அமைப்பில் இருக்கவில்லை. தடத்துக்கு 100 உவாற்றுத் தரும் பழைய இருதடக் கருவி ஒன்றை வாங்கினேன். அதே சோதனையில் இரவற் கருவிகளிலிருந்து அதை என்னாற் பிரித்தறிய முடியவில்லை. மகளின் பணம் அவ்வாறே இருந்தது.

ஒற்றைத்தடத்தின் உண்மைச் சிறப்புக்கள்

இதனால் ஒற்றைத்தட விரியலாக்கி வீண் என்று முடிவுகட்டுதல் பிழை. அதன் சிறப்புக்களை ஒவ்வொன்றாய் எடைபோடுவோம்.

முதலாவது, ஒரு தடத்தின் ஒலி மற்றதிற் கலவாமை. இருபெட்டி அமைப்பில் இக்கலப்பு மிகமிகக் குறைவு. ஆயினும் இசைத்தட்டைத் தடவும் ஊசிமுனைக் கருவியே 25 முதல் 30 தெசிபெல் வரைதான் தடங்களைப் பிரிக்கும். நல்ல இருதடக் கருவி அதனினும் பன்மடங்கு பிரிக்கவல்லது. எனவே இசைத்தட்டுக் கேட்போர்க்கு இச்சிறப்பினால் வரும் ஊதியம் சிறிது.

இரண்டாவது, மின்னோட்டம் தரும் ஆற்றல். 8 ஓம் என்று குறித்த ஒலிபெருக்கியின் தடங்கல், சில மீடிறன்களில் 4 ஓம், 3 ஓம் வரை இறங்கும். 126 உவாற்று மட்டத்தில் உச்ச வோல்ற்றளவு ஏறத்தாழ 45. 8 ஓமுக்கு 5.6 அம்பியர் போதும்; 3 ஓமுக்கோ 15 அம்பியர் வேண்டும். தனி நிலைமாற்றியும் பெருங் கொள்ளளவிகளும் உடைய கருவி இதைத் தளராது தரும். 1977இல் வந்த மார்க் லெவின்சன் எம்.எல். 2 என்பது 8 ஓமுக்கு 25 உவாற்றே தந்தது. 4 ஓமுக்கு 50, 2 ஓமுக்கு 100 எனத் தடங்கல் பாதியாகுந்தோறும் வலு இரட்டித்தது. விளம்பரத்தில் உள்ள உவாற்று எண்ணை மட்டும் நோக்காது, 4 ஓமுக்கு எவ்வளவு என்று கேட்டறிக என்பது இதனாற் பெறும் பாடம்.

மூன்றாவது, கருவியை ஒலிபெருக்கியின் அருகே வைக்கும் வசதி. 1.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பி 6 மீற்றர் நீளம் சென்று மீளுமாயின் அதன் தடை 0.14 ஓம், 1 மீற்றராயின் 0.023 ஓம். விரியலாக்கியின் தணிப்புக் காரணி ஆயிரம் என்று விளம்பரம் முழங்கினாலும், நீண்ட கம்பி அதனை ஐம்பத்தெட்டுக்கு மேற் போகவிடாது. ஆனால் 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பி வாங்கினால் தடை 0.05 ஓமாகக் குறையும். மலிவான மருந்து இருக்க, விலைமிக்க மருந்து எதற்கு?

வகைகளை ஒப்பிடுதல்

வால்வுக் கருவி இனிய ஓசையுடையது என்பர். அதன் வெளியீட்டுத் தடங்கல் கூடுதலாதலால் ஒலிபெருக்கிக்கேற்ப ஓசை சற்றே நிறம் மாறும். சிலர்க்கு அந்நிறமே இன்பம். வால்வுகள் தேய்வன, மாற்றச் செலவுண்டு. உள்ளே 400 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் அது தங்கி நிற்கும். மாணவர் மூடியைத் திறவாதிருக்க.

ஏ வகுப்புத் திரான்சிற்றர்க் கருவி இசையிருப்பினும் இல்லாதிருப்பினும் எரிந்துகொண்டே இருக்கும். அதன் உச்சத் திறன் நூற்றுக்கு ஐம்பதே. 100 உவாற்றுக் கருவி இரண்டும் சேர்ந்து குறைந்தது 400 உவாற்று உண்ணும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் மாதம் 36 அலகு. நம் நாட்டு மின்கட்டணம் அலகு ஏற ஏற வீதமும் ஏறும் முறையது என்பதை இல்லத்தரசியார் மறவார்.

ஏபீ வகுப்பு நடுவழி, பெரும்பாலோர்க்குப் பொருந்துவது. இக்காலத்து டீ வகுப்புக் கருவியோ அலையைத் துடிப்புக்களாக வெட்டி மீண்டும் கோப்பது. சிறியது, சூடேறாதது, பலநூறு உவாற்று எளிதில் தருவது. தொடக்கத்தில் இதன் ஓசை பழிக்கப்பட்டது உண்மை; இன்று நன்கு அமைந்தவற்றின் திரிபு செவிக்கு எட்டாத அளவினது.

கண்டிச் சூழலுக்குரியவை

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் இடியிடிக்கும் ஊர் நம்மது. வானம் கறுத்தவுடன் செருகியைக் குதையிலிருந்து கழற்றுக. வானலை வாங்கும் கம்பியையும் கழற்றுக. ஒற்றைத்தடக் கருவிக்குச் செருகி இரண்டு என்பது நினைவிருக்கட்டும். அவ்விரண்டையும் ஒரே சுற்றிலுள்ள குதைகளிற் செருகுக. இல்லையேற் புவித்தொடுப்பு வேறுபட்டு 'உம்' என்னும் முரலோசை பிறக்கும். மலைச்சரிவு வீடுகளில் 230 உவோற்று 207 ஆக இறங்கின், 100 உவாற்றுக் கருவி 81 உவாற்றே தரும். ஆயின் அது 0.9 தெசிபெல் இழப்பே என்பதறிந்து மனங்கலங்காதிருக்க.

முடிபு

பொருளைச் செலவிடும் வரிசை இது: முதலில் நல்ல ஒலிபெருக்கி, அடுத்து அறையின் எதிரொலியைத் தணிக்கும் திரையும் விரிப்பும், அதன்பின் போதிய வலுவுடைய இருதடக் கருவி. 87க்குப் பதிலாக 93 தெசிபெல் தரும் ஒலிபெருக்கி வாங்குவோர் நான்கு மடங்கு வலுவை விரியலாக்கிக்குச் செலவின்றிப் பெறுவர். பெரிய கூடமும், தடங்கல் தாழ்ந்த ஒலிபெருக்கியும், உரக்கக் கேட்கும் விருப்பமும், அயலார்க்கு இடையூறின்மையும் ஒருங்கே அமைந்தோர்க்கே வலுமிக்க ஒற்றைத்தடம் உரியது. அவர் அதை மகிழ்வோடு வாங்குக.

கேட்டதை நம்புமுன் அளந்து பார் என்பதே நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் யாம் கற்ற பாடம். அளந்தபின் கருவியை மறந்து இசையைக் கேட்பதே அப்பாடத்தின் பயன். இவ்விழா மலரைக் கையிலேந்தும் இளைய மாணவர் இரண்டையும் கைக்கொள்வாராக.