புறமும் முறையீடும்

பிள்ளையின் நோய், கடன், கணவரின் கோபம் என்று நெஞ்சு அடைத்துப் போனாலும், "வெளியில் சொன்னால் புறம் பேசிய பாவமாகுமே" என்று நம் சகோதரிகள் பலர் வாய் திறப்பதில்லை.

ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூஸுஃப்யான் (ரலி) செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். நபியவர்கள் கண்டிக்கவில்லை, வழி சொன்னார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது. தீர்வு கேட்டுச் சொல்வதை, புறத்தில் ஆகுமான ஆறு வகைகளுள் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) எண்ணினார்கள்.

தீர்க்க வல்லவரிடம், தேவையான அளவே சொல்லவேண்டும். அடுத்த வீட்டுத் திண்ணையில் கொட்டுவது வேறு!

மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்திலுள்ள 'சிநேகா' 1986-ல் தோன்றியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனவர்களின் துயரைக் கட்டணமின்றி, இரகசியம் காத்துக் கேட்கிறார்கள். வீட்டைவிட்டு வர இயலாதவர்கள், 2022-ல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணில், தஹஜ்ஜுத் தொழுத பாயிலிருந்தே தமிழில் பேசலாம்.